அங்கிள் பேட்ச்

மச்சான் தன்னைத் தோற்கடிக்கத்தான் பயிற்சி கொடுக்கிறான் என்ற எண்ணம் இளவரசுவுக்கு மூன்றாவது வாரத்தில் வந்தது.

வந்த இடம் சிதம்பரத்தில் மச்சான் பாலகுமார் நடத்தும் ஜிம். காலை ஆறேகால். இடுப்பளவு உயரத்தில் மாட்டிய கம்பிக்கு அடியில் இளவரசு மல்லாந்து தொங்கிக்கொண்டிருந்தான். குதிகால் தரையில், உடம்பு பலகை போல விறைப்பாக. நெஞ்சு கம்பியைத் தொடும் வரை இழுக்க வேண்டும், இறங்க வேண்டும். பக்கத்துக் கம்பியில் அதையே அந்தோணிசாமி செய்துகொண்டிருந்தார். சர்வே ஆபீசில் ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயது. முதுகுவலிக்காக டாக்டர் அனுப்பி வைத்திருந்தார்.

"நீ எத்தனை தம்பி?"

"எட்டு சார்."

"நான் ஒம்போது" என்றார் அவர், பெருமையாக.

பத்தடி தள்ளி உயரமான பாரில் செந்தமிழ்செல்வன் தொங்கினான். மோவாய் கம்பிக்கு மேலே போய் வந்தது. பன்னிரண்டு முறை. இளவரசு எழுதிய அதே சப் இன்ஸ்பெக்டர் தேர்வை எழுதித் தேறியவன். இருவருக்கும் உடல்தகுதித் தேர்வு ஒரே நாளில், கடலூரில். அவனுக்குப் பார். இவனுக்கு அந்தோணிசாமி.

ஓட்டத்தைப் பற்றி இளவரசுவுக்குக் கவலை இல்லை. நீளம் தாண்டுவதும் வந்துவிடும். கயிறு ஏறுவதுதான் சுவர் போல நின்றது. ஐந்து மீட்டராவது ஏற வேண்டும். ஆறு ஏறினால் முழு மதிப்பெண். பயிற்சிக்குச் சேர்ந்த அன்று பாரில் தொங்கிப் பார்த்தான். ஒன்றுகூட வரவில்லை. காயப்போட்ட வேட்டி மாதிரி ஆடிவிட்டு இறங்கினான். அடுத்த அறிவிப்பு வரும்போது அவனுக்கு வயது தாண்டிவிடும். இது ஒன்றுதான்.

வேலைக்காக மட்டும் என்றால் இவ்வளவு தவிப்பு இருந்திருக்காது. மனைவி சத்யப்பிரியா டெங்கு காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டாள். ஒன்றரை வருடம் ஆகிறது. மகள் கயல்விழி அன்றிலிருந்து சிதம்பரத்தில் பாட்டி வீட்டில் இருந்தாள். இப்போது நான்கு வயது, எல்.கே.ஜி. இளவரசு கடலூரில் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தான். மருந்து கம்பெனி பிரதிநிதி. காலையில் பைக்கை எடுத்தால் பண்ருட்டி, நெல்லிக்குப்பம், புவனகிரி, சிதம்பரம் என்று டாக்டர்களின் வாசலில் நின்றுவிட்டு இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறவன். அவன் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? வருஷத் திதி அன்று மாமியார் மாரியம்மாள் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னாள்.

"நெலையா ஒரு வேலைய வாங்கிட்டு வாங்க மாப்ள. புள்ளைய அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க."

நியாயமான பேச்சு. யாரும் மறுக்கவில்லை. அவனும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு இப்போது கயல்விழிதான் எல்லாம். அவள் போய்விட்டால் அங்கே மிச்சம் இருப்பது ஒரு டிவியும் ஒரு தையல் மெஷினும். இளவரசு கயிறு ஏறினால் குழந்தை போய்விடும். ஏறாவிட்டால் இருக்கும். அந்தக் கயிற்றை ஏறக் கற்றுத் தர வேண்டியவன் அதே வீட்டின் மகன். மூன்றாவது வாரத்தில்தான் இது உறைத்தது என்பதே அவனுக்கு வெட்கமாக இருந்தது. இந்த ஒன்றரை வருடமாகவே அவனுக்கு எல்லாம் தாமதமாகத்தான் உறைக்கிறது.

பாலகுமார் முதல் நாளே சொல்லிவிட்டான்.

"ஒனக்கு பார் வேணாம் மாப்ள. அதுல தொங்குனா தோள்பட்ட போயிடும். பார் இல்லாமலே முதுக ஏத்திடலாம். நான் சொல்றத மட்டும் செய்யி."

அவன் சொன்னது இதெல்லாம். தாழ்ந்த கம்பிக்கு அடியில் மல்லாந்து இழுப்பது. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, மண்டியிட்டு, முழங்கை விலாவில் படும்வரை கீழே இழுப்பது. ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் இருபது லிட்டர் தண்ணீர் கேனை இடுப்பு வரை தூக்குவது. தூணைச் சுற்றி ஈரத் துண்டைப் போட்டு இரண்டு முனைகளையும் பிடித்து, பின்னால் சாய்ந்து, உடம்பைத் தூணருகே இழுப்பது. கடைசியாகக் குப்புறப் படுத்துக் கைகளை முன்னால் நீட்டித் தூக்கி வைத்திருப்பது. இதைச் செய்யும்போது அந்தோணிசாமி ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம் கிடப்பது கரையில் போட்ட மீன் மாதிரி இருக்கும்.

சுவரில் பயிற்சி அட்டவணை ஒட்டியிருந்தது. மேலே போலீஸ் பேட்ச். கீழே லேடீஸ் பேட்ச். அதற்கும் கீழே, காலை ஆறு மணிக்கு, அங்கிள் பேட்ச். இளவரசு செய்ததெல்லாம் அந்தக் கடைசி வரிசையில் எழுதியிருந்தது. எழுத்துக்கு எழுத்து.

செந்தமிழ்செல்வன் ஒருநாள் ஷூ கட்டிக்கொண்டே கேட்டான்.

"ஒங்களுக்கு என்னண்ணே, முதுகுல எதுனா ஆப்பரேஷனா?"

இல்லை என்றான் இளவரசு.

"இல்ல, பெருசுங்களோட சேத்து உட்டுட்டாரே, அதான் கேட்டேன்."

அன்று இரவு போனில் தேடிப் பார்த்தான். பார் இல்லாமல் முதுகை வலுப்படுத்தலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். பாருக்கு ஈடாக எதுவும் கிடையாது என்று மீதிப் பேர் சொன்னார்கள். இதை வைத்து மச்சானை நல்லவன் என்றும் சொல்லலாம், மோசக்காரன் என்றும் சொல்லலாம். இளவரசு போனை மூடி வைத்தான்.

நேரடியாகக் கேட்டிருக்கலாம். கேட்டால் பாலகுமார் ஒரு பதில் சொல்வான். அதை நம்புவதா வேண்டாமா என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதோடு, கோபித்துக்கொண்டு போனால் திங்கள், புதன், வெள்ளி காலைகளில் கயல்விழியைப் பார்ப்பதும் போய்விடும். பயிற்சி முடிந்ததும் பின் தெருவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போவான். குழந்தை பள்ளிக்கூட வேன் வரும்வரை இருபது நிமிடம் அவன் மடியில் உட்கார்ந்திருக்கும். அதற்காக எதையும் கேட்காமல் இருந்தான்.

சந்தேகம் ஒன்று வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. அவன் வரும் மூன்று நாளும் மாமியார் பூரி போட்டாள். முன்பெல்லாம் இட்லிதான். இப்போது தட்டில் ஆறு பூரி, கிழங்கு, கேட்காமலே இன்னும் இரண்டு. எதிரில் நின்று சாப்பிட்டு முடிக்கும்வரை பார்ப்பாள். எத்தனை ஏறினீர்கள், இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று விசாரிப்பாள். ஒரு மாதத்தில் அவன் எடை இரண்டு கிலோ கூடியது. கயிறு ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு கிலோவும் கீழே இழுக்கிற கை. இளவரசு எண்ணெய் மினுங்கும் தட்டைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான். மிச்சம் வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று சாப்பிட்டான்.

ஐந்தாவது வாரம் ஜிம்மின் பின்கட்டில் தொங்கிய கயிறு காணாமல் போனது. போலீஸ் பேட்ச் பசங்கள் அதில்தான் ஏறுவார்கள். இளவரசுவுக்கு அது கடைசி இரண்டு வாரத்தில் என்று சொல்லி வைத்திருந்தான் பாலகுமார். கேட்டதற்கு, நைந்துபோய்விட்டது, புதிது சொல்லியிருக்கிறேன் என்றான். செந்தமிழ்செல்வன் வேறு மாதிரி சொன்னான். அவர்களைச் சாயங்காலம் பைபாஸ் பக்கம் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போய், அதே கயிற்றை மரத்தில் கட்டி ஏற விடுகிறாராம்.

"நல்லாத்தாண்ணே இருக்குது கயிறு. ஒங்ககிட்ட சொல்லலியா?"

அவர் சொன்னார், நான்தான் மறந்துவிட்டேன் என்றான் இளவரசு. பைக்கை எடுத்துக்கொண்டு புவனகிரி வரைக்கும் போனபிறகுதான் ஹெல்மெட் போடவில்லை என்று தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை விடியலில் கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனான். மணலுக்கு இந்தப் பக்கம் உடற்பயிற்சிக்கென்று நட்டு வைத்த கம்பிகளில் ஒரு உயரமான பார் இருந்தது. உப்புக் காற்றில் துரு ஏறிச் சொரசொரவென்று இருந்தது. ஐந்து வாரம் வீணாகப் போனது உறுதியானால் வேறு ஆளைப் பிடிக்கலாம் என்று நினைத்துத் தொங்கினான். இழுத்தான்.

மோவாய் கம்பிக்கு மேலே போனது.

யாரோ பின்னாலிருந்து தூக்கிவிட்டது போல இருந்தது. திரும்பிப் பார்த்தான். நடைப்பயிற்சிக்காரர்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி இழுத்தான். மூன்றாவதும் வந்தது. நான்காவதில் பாதியில் நின்றுவிட்டான். இறங்கி மணலில் உட்கார்ந்தான்.

துண்டு இழுத்த கைக்குப் பிடி வந்திருந்தது. கேன் தூக்கிய முதுகுக்கு இழுக்கத் தெரிந்திருந்தது. அப்படியானால் மச்சான் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தானா? ஒழுங்கானவன் கயிற்றை ஏன் ஒளித்தான்? கயிற்றை ஒளித்தவன் முதுகை ஏன் வளர்த்தான்? இரண்டையும் ஒரே ஆள் மேல் வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. கடைசியில் ஒரே ஒரு முடிவுக்கு வந்தான். பாலகுமாருக்கு இது தெரியக்கூடாது. தெரிந்தால் இதையும் நிறுத்திவிடுவான்.

அன்றிலிருந்து இளவரசு நடித்தான். தாழ்ந்த கம்பியில் இருபது எளிதாக வரும் உடம்பு, பத்தில் கை நடுங்கி விழுந்தது. அந்தோணிசாமி பதினொன்று எடுத்துவிட்டு அவனுக்கு ஆறுதல் சொன்னார். தண்ணீர் கேனைத் தூக்கும்போது பல்லைக் கடித்து முனகினான். பாலகுமார் தூரத்தில் நின்று பார்ப்பான். அந்தப் பார்வையில் திருப்தியா வருத்தமா என்று இளவரசுவால் கண்டுபிடிக்க முடியவில்லை. சனி, ஞாயிறு விடியலில் பீச்சில் போய்ப் பாரில் எண்ணினான். ஐந்து. ஏழு. ஒன்பது.

கயிறுதான் பாக்கி. தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதுநகரில் படகுச் சாமான் விற்கும் கடைக்குப் போனான். தடிமனாக ஒரு கயிறு, எட்டு மீட்டர் வேண்டும் என்றான். எந்தப் படகு என்று கேட்டார் கடைக்காரர். படகு இல்லை, எனக்குத்தான் என்றான். அவர் அவனைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அறுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்காரம்மா ஆரோக்கியம்மாள் கீழ்ப் போர்ஷனில் இருந்தாள். மகன் குவைத்தில். அவன் பக்கத்து மனையில் கட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திய வீடு ஒன்று, தூணும் தளமுமாக நின்றது. மாடிப்படி வரவேண்டிய இடத்தில் தரையிலிருந்து இரண்டாம் தளத்தின் உத்தரம் வரை திறந்த ஓட்டை. உயரத்தை இளவரசு ஏற்கெனவே கண்ணால் அளந்து வைத்திருந்தான். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். சாரம் வழியாக ஏறி உத்தரத்தில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, இறங்கி வந்து இழுத்துப் பார்த்தான். தாங்கியது. அண்ணாந்து சற்று நேரம் நின்றான். திரும்பினால் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியம்மாள் நின்றிருந்தாள்.

கேட்காமல் கட்டிவிட்டோமே, திட்டப் போகிறாள் என்று நினைத்தான். அவள் திட்டவில்லை.

"டீ போட்டிருக்கேன். வா தம்பி."

ஒன்றரை வருடமாக அவள் டீ கொடுத்ததில்லை. போய்க் குடித்தான். முடித்து எழுந்தபோது பிஸ்கட் வந்தது. பிறகு மிக்ஸி ஓடவில்லை என்றாள். பிளக்கைச் சரியாகச் செருகினான், ஓடியது. பிறகு மகன் அனுப்பிய படங்களைப் போனில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். நடுவில் உள்ளே போய்த் தாழ்ந்த குரலில் யாருக்கோ போன் பேசினாள். திரும்பி வந்து, தன் மூட்டு வலியைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, அதற்கு உன் கம்பெனியில் என்ன மாத்திரை இருக்கிறது என்று கேட்டாள். இளவரசுவுக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. வாடகையை ஏற்றப் போகிறாள். இல்லை, காலி செய்யச் சொல்லப் போகிறாள். இவ்வளவு அன்பு சும்மா வராது. இரண்டாவது டீக்கு அவள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவினான்.

நேராகக் கயிற்றுக்குப் போனான். முதல் தடவை பாதியில் இறங்கிவிட்டான். இரண்டாவது தடவை உத்தரத்தைத் தொட்டான். உள்ளங்கை எரிந்தது. முதுகின் இரண்டு பக்கமும் கதவு போலத் திறந்து மூடின. மேலே சற்று நேரம் தொங்கிவிட்டுக் கைக்குக் கை மாற்றி இறங்கத் தொடங்கினான். வெளியே ஒரு பைக் வந்த சத்தமும் அது கீழே விழுந்த சத்தமும் கேட்டன. தரைக்கு இன்னும் அரை ஆள் உயரம் இருந்தபோது, யாரோ இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்தார்கள்.

குனிந்து பார்த்தான். பாலகுமார்.

தெரிந்துவிட்டது. பின்னாலேயே வந்துவிட்டான். கீழே இழுக்கிறான். விழுந்து கையை உடைத்துக்கொண்டால் கதை முடிந்தது. இளவரசு ஒரு காலை உருவி ஓங்கி உதைத்தான். குதிகால் மூக்கில் பட்டது. பாலகுமார் பிடியை விடவில்லை. முகத்தை அவன் முழங்காலில் புதைத்துக்கொண்டு என்னவோ உளறினான்.

"வேணாம் மாப்ள. கயல நெனச்சிக்க. வேணாண்டா."

அப்போதுதான் இளவரசுவுக்கு அது தட்டுப்பட்டது. கயிற்றில் அவன் பாரமே இல்லை. அந்தக் கைகள் அவனைக் கீழே இழுக்கவில்லை. மேலே தூக்கிக்கொண்டிருந்தன. தூக்குப் போட்டவனைக் கண்டால் எப்படிக் காலைப் பிடித்து உயர்த்துவார்களோ, அப்படி.

"மச்சான். கழுத்துல எதுவும் இல்ல. விடு."

பாலகுமார் அண்ணாந்து பார்த்தான். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. கழுத்தைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தான். மெல்ல விட்டான். இளவரசு இறங்கினான்.

ஆரோக்கியம்மாள் மூட்டுவலியோடு செங்கல் குவியலைத் தாண்டி வந்து சேர்ந்தாள். உயிரோடு நிற்கிறவனைக் கண்டதும் மாதாவைக் கும்பிட்டாள். கும்பிட்ட கையாலேயே அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். வாடகைப் பத்திரத்தில் இருந்த நம்பரைப் பார்த்து அவள்தான் சிதம்பரத்துக்குப் போன் செய்திருந்தாள். பெண்டாட்டியைப் பறிகொடுத்த பையன் கயிறு வாங்கி வந்து உத்தரத்தில் கட்டியிருக்கிறான் என்றால் வேறு என்ன நினைப்பது என்று கேட்டாள். அப்படி ஒரு பொருள் அந்தக் கயிற்றுக்கு இருப்பது இளவரசுவின் மனசில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

அவள் தண்ணீர் எடுக்கப் போனாள். பாலகுமார் செங்கல் மேல் உட்கார்ந்து சட்டையால் மூக்கைத் துடைத்தான்.

"நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் மாப்ள. எப்பிடி வந்தேன்னே தெரியல. நாந்தான் ஒன்ன இதுல கொண்டாந்து உட்டுட்டேன்னு..." நிறுத்தினான். பிறகு மேலே பார்த்தான். "எவ்ளோ ஒசரம் இது?"

"ஆறுக்கு மேல."

"முழுசும் ஏறுனியா?"

"உத்தரத்தத் தொட்டேன்."

"பார்ல?"

"ஒம்போது."

பாலகுமார் அவன் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான்.

"எங்க பழகுன?"

"ஒன்கிட்டதான். துண்டு, கேனு, ரப்பரு."

"அது வேலைக்கி ஆவாதுன்னுதாண்டா ஒனக்குக் குடுத்தேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மூக்கு ரத்தம் சிமெண்டுத் தரையில் சொட்டியது. இளவரசு எதிரில் நின்றான். ஐந்து வாரமாகத் தெரிந்துகொள்ளத் தவித்தது இதைத்தான். தெரிந்தபோது கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

பாலகுமார் தானாகவே பேசினான். பார் ஏறாமல் எவனும் கயிறு ஏற மாட்டான் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்னதை அவன் இத்தனை வருடம் நம்பியிருந்தான். பெரியவர்களுக்குக் கொடுப்பதை இவனுக்கும் கொடுத்தால், காயமும் படாது, பாஸும் ஆகாது என்று கணக்குப் போட்டான். கயல்விழி வந்தபிறகுதான் அம்மா மறுபடி அடுப்புப் பற்ற வைத்தாள் என்றான். போலீஸ் வேலை கிடைத்தால் பெண் கொடுக்கப் பத்துப் பேர் வந்து நிற்பார்கள், அப்புறம் குழந்தையின் கதி என்ன என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள் என்றான்.

"அத்த சொல்லித்தான் செஞ்சியா?"

"அம்மாவுக்கு ஒண்ணுந் தெரியாது."

"பூரி?"

"என்ன பூரி?"

இளவரசு அதற்குமேல் கேட்கவில்லை.

மிச்சம் இருந்த இரண்டு வாரமும் பாலகுமார் மூக்கில் பிளாஸ்திரியோடு கடலூருக்கு வந்தான். தானே கேட்டுக்கொண்டு வந்தான். இளவரசு வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கடைசி ஒரு மீட்டரில் கையை நீட்டிப் பிடிக்காதே, சின்னச் சின்னதாகப் பிடி என்றான் பாலகுமார். அவன் போனபிறகு இளவரசு இரண்டு விதமாகவும் ஏறிப் பார்த்தான். மூன்று நாள் தனியாகச் சோதித்தான். சின்னப் பிடிதான் சரி. சரியாகச் சொன்னதும் ஒரு மாதிரி உறுத்தியது.

தேர்வன்று ஓட்டம் முடிந்து அவன் முறை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அவனுக்கு முன்னால் ஏறிய இரண்டு பேர் நான்கு மீட்டரில் சறுக்கி விழுந்திருந்தார்கள். விசில் ஒலித்தது. ஏறினான். ஐந்தாவது மீட்டர் குறியைத் தாண்டியதும் தோள்கள் போதும் என்றன. முதுகு இன்னும் இருக்கிறது என்றது. சின்னச் சின்னதாகப் பிடித்தான். ஆறு என்று எழுதிய துணியைத் தொட்டபோது கீழே யாரோ எண்ணைச் சொல்லி எழுதிக்கொண்டார்கள். நீளம் தாண்டுதலும் நூறு மீட்டர் ஓட்டமும் அவன் நினைத்தது போலவே முடிந்தன. செந்தமிழ்செல்வனும் தேறினான். கேட்டுக்கு வெளியே பாலகுமார் காத்திருந்தான். எதுவும் கேட்காமல் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு பைக்கைக் கிளப்பினான்.

சாயங்காலம் சிதம்பரத்தில் மாரியம்மாள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏறிட்டேன் அத்த."

அவள் சந்தோஷம் என்றாள். முகம் அப்படியே இருந்தது. பிறகு, லிஸ்ட் வர இன்னும் நாளாகும் இல்லையா என்று கேட்டாள். இன்டர்வியூ இருக்கிறதாமே, அதுவும் முடியட்டும், டிரெயினிங் போகிற காலத்தில் பிள்ளையை யார் பார்ப்பது, அதையும் யோசிக்க வேண்டும் அல்லவா என்றாள். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருப்பதே இளவரசுவுக்குப் பயமாக இருந்தது. இந்தக் கயிறு மேலே மேலே நீண்டுகொண்டே போகும் என்று பட்டது. அதுவரை அந்த வீட்டில் அவன் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

"லிஸ்ட் வரப்ப வரட்டும் அத்த. சனிக்கெழம நான் கயல கடலூருக்குக் கூட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கெழம கொண்டாந்து உடறேன். வாராவாரம்."

மாரியம்மாள் மகனைப் பார்த்தாள். பாலகுமார் செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றிருந்தான். மூக்குப் பிளாஸ்திரியை ஒருமுறை தொட்டுக்கொண்டான்.

"அனுப்பும்மா" என்றான்.

இதிலும் ஏதாவது இருக்குமோ என்று இளவரசு அவன் முகத்தைத் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் மட்டும் இல்லையென்று ஆகிவிடாது. இருந்தால் இருக்கட்டும் என்று விட்டான்.

மாரியம்மாள் உள்ளே போனாள். வெகுநேரம் அலமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது.

"மத்தியானத்துல தூக்கத்துக்கு அழுவும்" என்றாள். "ரொம்ப அழுவும். என்னா பண்ணுவீங்க?"

"தூக்கிட்டு நடப்பேன்."

"எவ்ளோ நேரம்?"

"தூங்கற வரைக்கும்."

அவள் தன் இடது தோளைத் தட்டிக் காட்டினாள்.

"எடது தோள்ல போடுங்க. வலதுல போட்டா தூங்காது."

சனிக்கிழமை மத்தியானம் மஞ்சக்குப்பத்து மாடியில் கயல்விழி அழ ஆரம்பித்தாள். இளவரசு தூக்கினான். முதலில் வலது தோளில்தான் போட்டான். முக்கால் மணி நேரம் நடந்தான். தூங்கவில்லை. அப்புறம் தோளை மாற்றினான்.